தாழ்தள வேகனும் ஹீலியம் வேகனும்: இரண்டு அபூர்வ வேகன்களைக் கட்டிய ஆய்வு

மாதிரி ரயில் லேஅவுட்டில் ஓடும் சரக்கு வேகன்களில் பெரும்பாலானவை ஒரே சாயல் கொண்டவை: மூடிய பெட்டி வேகன், நிலக்கரி வேகன், டேங்கர், தட்டை வேகன். அவற்றுக்கு நடுவே வித்தியாசமான ஒன்று வந்தால் பார்ப்பவர் கண் அங்கேதான் போகும். ஆனால் பல லேஅவுட்களில் இந்த அபூர்வ வேகன்கள் ஓடுவதே இல்லை. கண்ணாடி அலமாரியிலோ ஏதாவது ஒரு பக்கத் தடத்திலோ நிற்கின்றன. ஓடவிட்டால் தடம் புரளும் என்பதுதான் காரணம். நுணுக்க வேலைப்பாட்டில் குறை இருக்காது. ஏணிப்படி, கைப்பிடி, பிரேக் குழாய் எல்லாம் அச்சு அசலாக இருக்கும். பளுவை எங்கே வைப்பது, சக்கரங்கள் தண்டவாளத்தில் எப்படி உட்காரும் என்பதைத்தான் கடைசியில் யோசித்திருப்பார்கள்.

இங்கே சொல்லப்போவது இரண்டு வேகன்களின் கதை. ஒன்று, பெரிய மின்மாற்றியைச் சுமக்கும் எட்டு அச்சுத் தாழ்தள வேகன். இன்னொன்று, ஹீலியம் வாயுவை நீண்ட எஃகுக் குழாய்களில் அடைத்துக் கொண்டுபோன வேகன். இரண்டும் 1:87.1 அளவில், அதாவது எச்.ஓ. அளவில், 16.5 மி.மீ. தடத்தில் ஓடுபவை. லேஅவுட்டின் காலம் 1950களின் நடுப்பகுதி, இடம் அமெரிக்கா. முதன்மைத் தடத்தில் வளைவின் ஆரம் 30 அங்குலம், கிளைத் தடத்தில் 24 அங்குலம். கட்டும்போது எனக்கு நானே வைத்துக்கொண்ட நிபந்தனை ஒன்றுதான்: கிளைத் தடத்தின் கடைசிவரை இரண்டும் போய்த் திரும்ப வேண்டும், பின்னோக்கித் தள்ளினாலும் தடம் புரளக் கூடாது.

எதை எடுப்பது, எதை விடுவது

அபூர்வ வேகன் என்றதும் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது ஷ்னாபெல். சுமையே வேகனின் நடுப்பகுதியாக மாறி, இரண்டு பக்கக் கைகளுக்கு இடையே தொங்கும் அமைப்பு அது. அமெரிக்காவில் ஓடிய பெரிய ஷ்னாபெல்களில் 36 அச்சுகள்கூட உண்டு. மாதிரியில் பார்க்கப் பிரமாதமாக இருக்கும். ஆனால் அந்த 36 அச்சு வேகன்கள் 1950களுக்குப் பிந்தையவை. 24 அங்குல வளைவில் அவ்வளவு நீளமான ஒன்றை ஓட்ட நினைப்பதும் வீண். அதனால் அதை விட்டுவிட்டேன்.

தாழ்தள வேகன் வேறு விஷயம். தளத்தின் நடுப்பகுதி மட்டும் கீழே இறங்கி, இரு முனைகளிலும் வாத்தின் கழுத்துப்போல மேலே எழும். மின்மாற்றி, டர்பைன் உறை போன்ற உயரமான சரக்குகளைச் சாதாரணத் தட்டை வேகனில் ஏற்றினால் பாலத்திலும் சுரங்கத்திலும் இடிக்கும். தளத்தைக் கீழே இறக்கினால் அந்த உயரம் கிடைக்கிறது. அமெரிக்க ரயில்பாதைகளின் வகைப்பாட்டில் இதற்கு எஃப்.டி. என்ற எழுத்துக் குறியீடு உண்டு. லேஅவுட்டில் ஒரு துணை மின்நிலையம் ஏற்கெனவே இருக்கிறது, அதற்குப் பக்கத் தடமும் உண்டு. ஆகவே இந்த வேகனுக்கு அங்கே போக வேலை இருக்கிறது. என்னைப் பொறுத்தவரை இதுதான் தேர்வின் முதல் அளவுகோல். போக இடமில்லாத வேகன் எவ்வளவு அழகாக இருந்தாலும் வெறும் காட்சிப் பொருள்தான்.

ஹீலியம் வேகனைத் தேர்ந்தெடுக்கக் காரணம் அதன் காலம். டெக்சஸ் மாநிலத்தின் அமரில்லோவில் அமெரிக்க அரசின் ஹீலியம் ஆலை 1929இல் இயங்கத் தொடங்கியது. அங்கிருந்து கடற்படையின் வான்கப்பல் தளங்களுக்கு வாயு ரயிலில் போனது. கடற்படை தன் வான்கப்பல்களைப் பறக்கவிடுவதை 1962 ஆகஸ்ட் 31 அன்று நிறுத்தியது. ஆக, 1950களின் நடுப்பகுதியில் இந்த வேகன்கள் நாட்டின் தடங்களில் ஓடிக்கொண்டிருந்தன. எம்.எச்.ஏ.எக்ஸ். என்ற உரிமையாளர் குறியீட்டு எழுத்துகளுடன் ஓடிய இவற்றைப் பார்த்தவர்கள் டேங்கர் என்றுகூட நினைக்க மாட்டார்கள். குழாய்களை அடுக்கி வைத்த ஒரு பெரிய கட்டு சக்கரத்தில் போவது மாதிரிதான் தெரியும்.

அட்டையில் ஒரு முன்னோட்டம்

பித்தளையைத் தொடுவதற்கு முன் அட்டை. இதை வலியுறுத்திச் சொல்வேன். கட்டப்போகும் தாழ்தள வேகனின் நீளம் 65 அடி. மாதிரியில் 227 மி.மீ., ஏறத்தாழ 9 அங்குலம். நடுத்தளம் 25 அடி, இரு முனைகளும் 20 அடி வீதம். உடலைத் தாங்கும் இரண்டு சுழல்மையங்களுக்கு நடுவே 40 அடி, மாதிரியில் 140 மி.மீ. இந்த 140 என்ற எண்ணில்தான் வேகன் எங்கெல்லாம் போகும் என்பது அடங்கியிருக்கிறது.

வளைவில் ஒரு வேகனின் நடுப்பகுதி உள்பக்கமாக எவ்வளவு நகரும் என்பதற்கு எளிய கணக்கு உண்டு: சுழல்மைய இடைவெளியின் வர்க்கத்தை, வளைவு ஆரத்தின் எட்டு மடங்கால் வகுக்க வேண்டும். 30 அங்குல வளைவில் 3.2 மி.மீ. வருகிறது. 24 அங்குலத்தில் 4 மி.மீ. 18 அங்குலத்தில் 5.4 மி.மீ. மின்மாற்றியின் அகலத்தை 10 அடி 8 அங்குலம் என்று வைத்துக்கொண்டால் மாதிரியில் 37 மி.மீ.; அதில் பாதி 18.7. ஆக, கிளைத் தட வளைவில் தடத்தின் நடுக்கோட்டிலிருந்து 22.7 மி.மீ. வரை சுமையின் உள்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும்.

இரட்டைத் தடத்துக்கு இது பிரச்சினை இல்லை. நடுக்கோடுகளுக்கு இடையே 2 அங்குலம் இருப்பதால் பக்கத்து ரயில் தப்பிவிடும். தொல்லை தருபவை அசையாத பொருள்கள்தான்: சிக்னல் கம்பம், நடைமேடை விளிம்பு, சுரங்க வாய், மலைப்பாறைக்காகப் பூசிய பிளாஸ்டர். அட்டையில் வேகனின் தரைவடிவத்தையும் சுமையின் பெட்டி வடிவத்தையும் வெட்டி, பழைய சக்கரத் தொகுதிகள் மேல் அதே 140 மி.மீ. இடைவெளியில் பொருத்தி, லேஅவுட் முழுக்கக் கையால் மெதுவாகத் தள்ளிப் பார்த்தேன். சுமையின் பக்கத்தில் ஒரு பென்சில் முனையை ஒட்டிவைத்தால் எங்கே உரசுகிறதோ அங்கே கோடு விழும். கிளைத் தடத்தில் ஒரு பாறைச் சரிவும் ஒரு சிக்னல் கம்பமும் சிக்கின. பாறையைச் செதுக்கினேன், கம்பத்தை வளைவின் வெளிப்பக்கத்துக்கு மாற்றினேன்.

செங்குத்தாகவும் ஒரு சோதனை தேவை. அசல் தாழ்தள வேகனில் நடு உத்தரத்தின் அடிப்பாகம் தண்டவாளத்துக்கு மிக அருகில் வரும். ஓர் அடி இடைவெளி வைத்தால் மாதிரியில் 3.5 மி.மீ.தான். சமதளத்திலிருந்து 3 விழுக்காட்டு இறக்கம் சட்டென்று தொடங்கும் இடத்தில், அந்த முறிவு வேகனின் நடுவுக்கு நேராக வரும்போது ஒரு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல் குறைந்துவிடும். இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே, வேகன்களை ஒன்றோடொன்று கோக்கும் கப்ளரைப் பிரிக்கும் காந்தமோ, கடவுப்பாதையின் பலகையோ சற்றே தூக்கலாக இருந்தால் மிச்சமும் போய்விடும். அதனால் அட்டையின் அடியில் உத்தரத்தின் உயரத்துக்குத் தக்கபடி ஒரு துண்டு ஒட்டி அதையும் பார்த்தேன். கடவுப்பாதைப் பலகை ஒன்றைத் தேய்த்து மட்டப்படுத்த வேண்டியிருந்தது.

சட்டமும் பளுவும்

என்.எம்.ஆர்.ஏ. என்று சுருக்கமாக அழைக்கப்படும் அமெரிக்க தேசிய மாதிரி ரயில் சங்கம் 1935இல் தொடங்கப்பட்டது. வேகன் எடைக்கு அது தரும் பரிந்துரை எளிமையானது: எச்.ஓ. அளவில் அடிப்படையாக 1 அவுன்ஸ், அதற்கு மேல் ஒவ்வோர் அங்குல நீளத்துக்கும் அரை அவுன்ஸ். 9 அங்குல வேகனுக்கு ஐந்தரை அவுன்ஸ், அதாவது 156 கிராம்.

கேள்வி, இந்த 156 கிராம் எங்கே போகும் என்பது. மூடிய பெட்டி வேகன் என்றால் உள்ளே தரையில் ஓர் இரும்புத் தகட்டை ஒட்டினால் முடிந்தது. தாழ்தள வேகனில் ஒளித்துவைக்க உள்பக்கமே இல்லை. மேலே திறந்த தளம், கீழே காற்று. பலர் இங்கே செய்வது, பளுவைச் சுமைக்குள் வைப்பது. மின்மாற்றி பெரிய பெட்டிதானே, உள்ளே ஈயத்தைக் கொட்டிவிடலாம் என்று தோன்றும். இது இரண்டு விதத்தில் தப்பு. சுமையை இறக்கியதும் வேகன் இறகுபோல ஆகிவிடும், காலியாகத் திரும்பும் பயணத்தில் தடம் புரளும். சுமை ஏறியிருக்கும்போதோ பளு முழுவதும் உயரத்தில் உட்கார்ந்து வளைவில் கவிழப் பார்க்கும்.

அதனால் தலைகீழாகச் செய்தேன். கண்ணுக்கு மிகக் கனமாகத் தெரியும் மின்மாற்றியை முடிந்தவரை லேசாகவும், ஒல்லியாகத் தெரியும் வேகனை முடிந்தவரை கனமாகவும். தளத்தை 1.6 மி.மீ. பித்தளைத் தகட்டில் வெட்டினேன். நடுத்தளம் 87 மி.மீ. நீளம், 31 மி.மீ. அகலம், அது மட்டும் 37 கிராம். இரு முனைகளும் சேர்ந்து 59 கிராம். அதாவது 96 கிராம் தளத்திலேயே கிடைத்துவிட்டது. எட்டு உலோக அச்சுகளும், கீழே வரும் பித்தளை இடைச் சட்டங்களும், கப்ளர்களும் மீதியில் பெரும்பகுதியைத் தந்தன. குறைந்ததை நடு உத்தரத்தின் உள்பக்கக் குழிவில் டங்ஸ்டன் பசையால் நிரப்பினேன். ஈயத்தை விட டங்ஸ்டன் ஏறத்தாழ 1.7 மடங்கு அடர்த்தியானது. இவ்வளவு சின்ன இடத்தில் அந்த வித்தியாசம் பெரிதாக உதவும்.

ஏன் பித்தளை, எஃகு மலிவாயிற்றே என்று கேட்கலாம். தண்டவாளங்களுக்கு நடுவே கப்ளரைப் பிரிக்கும் காந்தம் இருக்கும் லேஅவுட்டில் எஃகுத் தளம் ஆபத்து. சாதாரண வேகனில் எஃகுத் தகடு உயரத்தில் இருப்பதால் காந்தம் அதை அவ்வளவாக இழுக்காது. தாழ்தள வேகனில் தகடு காந்தத்துக்குச் சில மில்லிமீட்டர் தூரத்தில் கடக்கும். வேகன் அங்கே ஒரு வெட்டு வெட்டி நின்று போகும். பித்தளைக்கு அந்தத் தொல்லை இல்லை. சால்டர் வைப்பதும் சுலபம்.

வாத்துக்கழுத்து வளைவைத் தகட்டை மடக்கிச் செய்யவில்லை. மூன்று துண்டுகளாக வெட்டி, பக்க உத்தரங்களின் வடிவத்தை ஒரே தகட்டில் அறுத்து, அந்த உத்தரத்தோடு மூன்றையும் சேர்த்துப் பற்றவைத்தேன். பக்க உத்தரம் இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று ஒட்டிச் சேர்த்தே அறுத்து, அரத்தால் தேய்த்துப் பிறகு பிரித்தால் இரண்டும் மயிரிழை மாறாமல் ஒத்திருக்கும். வேகன் முறுக்கிக்கொள்ளாமல் இருப்பது இதைப் பொறுத்தது. பற்றவைத்து முடித்ததும் கண்ணாடிப் பலகையில் வைத்து நான்கு மூலைகளையும் அழுத்திப் பாருங்கள். ஒரு மூலை ஆடினாலும் சூடாக்கித் திரும்பச் சரிசெய்வது நல்லது. பின்னால் சக்கரத்தில் ஈடுகட்டலாம் என்று விட்டால் ஈடுகட்ட முடியாது.

எட்டு அச்சு, நான்கு தொகுதி

இந்த வேகனின் உயிர் இங்கேதான் இருக்கிறது. இரண்டு அச்சு கொண்ட சக்கரத் தொகுதிகள் நான்கு. முன்னால் இரண்டை ஓர் இடைச் சட்டம் சேர்க்கிறது, பின்னால் இரண்டை இன்னொன்று. வேகனின் உடல் இந்த இரண்டு இடைச் சட்டங்களின் மேல்தான் உட்காருகிறது. அசலிலும் பளுவை அதிக அச்சுகளுக்குப் பிரித்துக் கொடுக்க இதே வழிதான்.

நான்கு கால் மேசை சமமில்லாத தரையில் ஆடும், முக்காலி ஆடாது. சாதாரண நான்கு அச்சு வேகனில் இதை எல்லோரும் செய்கிறோம்: ஒரு தொகுதியின் திருகை, திரும்ப மட்டும் முடியும்படி இறுக்குவது; மற்றதைத் தளர்த்தி எல்லாப் பக்கமும் ஆட விடுவது. எட்டு அச்சில் இதே தத்துவம் இரண்டு அடுக்காக வர வேண்டும்.

ஒவ்வோர் இடைச் சட்டத்திலும் ஒரு தொகுதி இறுக்கமாக, பக்கவாட்டில் சாயாமல், திரும்ப மட்டும் செய்யும். அதன் ஜோடி எல்லாப் பக்கமும் ஆடும். அப்புறம் இடைச் சட்டம் உடலோடு சேரும் இடத்தில், முன்பக்கச் சட்டம் பக்கவாட்டில் சாயாது. பின்பக்கச் சட்டம் சாயலாம். ஆனால் இரண்டு சட்டங்களும் முன்னும் பின்னும் ஏறி இறங்குவதற்குத் தடை இருக்கவே கூடாது. இல்லாவிட்டால் ஏற்றம் தொடங்கும் இடத்தில் முதல் தொகுதி மேலே ஏறும்போது அடுத்த தொகுதி தண்டவாளத்தை விட்டுத் தொங்கும். இதற்காகச் சுழல்மையத்தின் தாங்குதகட்டைத் தட்டையாக விடாமல், குறுக்குவாட்டில் ஒரு மெல்லிய கம்பியைப் பற்றவைத்து, சட்டம் அதன் மேல் ஊஞ்சலாடும்படி செய்தேன். முன்சட்டத்தில் அந்தக் கம்பி அகலமாக இருக்கிறது, சாய விடாது. பின்சட்டத்தில் கம்பியின் நடுப்பகுதி மட்டும் தொடும்படி இரு முனைகளையும் தேய்த்துவிட்டேன்.

தொகுதிகளின் நடுமையங்களுக்கு இடையே 35 மி.மீ., ஒரு தொகுதியில் அச்சுக்கு அச்சு 19 மி.மீ. இடைவெளி குறைவு என்பதால் திரும்பும்போது சக்கரங்கள் ஒன்றோடு ஒன்றோ, உத்தரத்தின் சரிவிலோ உரசாமல் பார்க்க வேண்டும். 24 அங்குல வளைவில் நிறுத்தி, மேலிருந்து விளக்கு அடித்துப் பார்த்தால் உரசும் இடம் தெரிந்துவிடும். ஒவ்வோர் அச்சையும், சக்கர இடைவெளியைச் சரிபார்க்கும் என்.எம்.ஆர்.ஏ. கேஜில் வைத்துப் பார்ப்பதைச் சொல்லவே வேண்டாம். எட்டில் ஒன்று தப்பாக இருந்தாலும், தடம் இரண்டாகப் பிரியும் பாயிண்டில் மாட்டும்.

கப்ளரை உடலில் வைப்பதா, இடைச் சட்டத்தில் வைப்பதா? இடைச் சட்டத்தில் வைத்தேன். வேகனின் முனை வளைவில் வெளியே தள்ளிப்போகும்போது உடலில் இருக்கும் கப்ளர் பக்கத்து வேகனைப் பக்கவாட்டில் இழுக்கும். சட்டத்தில் இருந்தால் அது தடத்தின் நடுக்கோட்டை ஒட்டியே திரும்பும். கப்ளரின் நடு உயரம் தண்டவாளத்துக்கு மேல் 25/64 அங்குலம், ஏறத்தாழ 9.9 மி.மீ.; கப்ளர் தயாரிக்கும் கேடி நிறுவனத்தின் உயரக் கேஜை வைத்துப் பார்த்துவிட்டேன். சட்டம் முன்பின் ஊஞ்சலாடுவதால் கப்ளரும் கொஞ்சம் மேலே கீழே போகும் என்பது ஒரு கவலை. ஊஞ்சல் அரை மில்லிமீட்டருக்கு மேல் போகாதபடி உடலின் அடியில் ஒரு சின்னத் தடுப்பு ஒட்டியதும் சரியானது.

மின்மாற்றி

பெரிய மின்மாற்றிகள் ரயிலில் போகும்போது பார்த்துப் பழகிய உருவத்தில் இருப்பதில்லை. மேலே கொம்புபோல நிற்கும் பீங்கான் காப்புகளும் பக்கத்துக் குளிர்விப்பான்களும் கழற்றப்பட்டுத் தனியே போகும். எடையைக் குறைக்க எண்ணெயை வடித்துவிட்டு, உள்ளே ஈரம் புகாமல் நைட்ரஜனோ உலர்ந்த காற்றோ நிரப்புவார்கள். ஆகவே மாதிரியிலும் காப்புகளை வைக்கக் கூடாது. அவை இருந்த இடத்தில் போல்ட் வைத்து மூடிய வட்டத் தகடுகள்தான் வர வேண்டும். கடைகளில் கிடைக்கும் பல மின்மாற்றி மாதிரிகள் துணை மின்நிலையத்தில் நிற்கும் கோலத்தில் இருக்கின்றன. அவற்றை அப்படியே வேகனில் ஏற்றிவைத்தால் விஷயம் தெரிந்தவர்களுக்கு உடனே உறுத்தும்.

70 மி.மீ. நீளம், 35 அகலம், 42 உயரம் கொண்ட வெற்றுப் பெட்டியை 1 மி.மீ. ஸ்டைரீன் பிளாஸ்டிக் தகட்டில் செய்தேன். சுற்றிலும் செங்குத்தான விறைப்புப் பட்டைகள். அவற்றோடு சேர்த்து அகலம் 37ஐத் தொடுகிறது. தூக்குவதற்கான காதுகள், மேல்மூடியின் விளிம்பில் போல்ட் வரிசை. எல்லாம் சேர்ந்து 20 கிராம். அதையே ரெசினில் முழுக்கட்டியாக வார்த்திருந்தால் 110 கிராமைத் தாண்டியிருக்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கணக்குப்போட்டால் நன்றாகப் புரியும்: வெறும் வேகனின் ஈர்ப்பு மையம் தண்டவாளத்துக்கு மேல் சுமார் 10 மி.மீ. வெற்றுப் பெட்டியை ஏற்றினால் 12 ஆகிறது. முழுக்கட்டியை ஏற்றினால் 19. தட அகலமே 16.5தான் என்பதை நினைத்துப் பாருங்கள்.

சுமையைத் தளத்தில் பிடித்துவைக்க இரண்டு சின்னப் பித்தளை ஊசிகள், தளத்தில் அவற்றுக்குத் துளைகள். காந்தம் வைக்கலாமா என்று யோசித்து, முன்பு சொன்ன அதே காரணத்துக்காக வேண்டாம் என்று விட்டேன். சுற்றிலும் மரக்கட்டைகள் அண்டக்கொடுத்து, மேலிருந்து தளத்தின் விளிம்புக்கு இழுகம்பிகள். கம்பிகள் சுமையோடு ஒட்டியவை. கீழ்முனைகள் தளத்தின் கொக்கிகளில் மாட்டினாற்போல் உட்காருமே தவிர ஒட்டவில்லை. சுமையைத் தூக்கினால் எல்லாம் சேர்ந்து வரும்.

ஹீலியம் வேகன்

இது தாழ்தள வேகனுக்கு நேர் எதிர்த் துருவம். இங்கே சுமை கண்ணுக்கே தெரியாது. ஆரம்பகால வேகன்களில் மூன்றே பெரிய குழாய்கள் இருந்தன. பின்னால் வந்தவற்றில் 28 அல்லது 30 ஒடுங்கிய குழாய்கள், தட்டைச் சட்டத்தின் மேல் வரிசை வரிசையாக, இரு முனைகளிலும் கனமான தடுப்புத் தகடுகளில் செருகி நிற்கும். ஒரு முனையில் எல்லாக் குழாய்களின் வால்வுகளும் சேரும் அறை. சாதாரண அழுத்தத்தில் அளந்தால் 2 லட்சம் கன அடி ஹீலியத்தின் எடை சுமார் ஒரு டன்தான். மற்றபடி வேகனின் எடை முழுக்க எஃகு. ஆகவே ஏற்றிய வேகனுக்கும் காலி வேகனுக்கும் எடையில் பெரிய வித்தியாசமே இல்லை. மாதிரி செய்பவருக்கு இதைவிட வசதி என்ன வேண்டும்? காலி, நிறை என்று இரண்டு கோலம் காட்டத் தேவையில்லை.

ஆனால் வேறு சபலம் இருக்கிறது. குழாய்களை எல்லாம் பித்தளைக் கம்பியில் செய்தால் பளபளவென்று நேராக நிற்கும் என்று தோன்றும். 4 மி.மீ. கம்பி 130 மி.மீ. நீளத்தில் 14 கிராம். முப்பது கம்பிகள் 400 கிராமைத் தாண்டும். இந்த வேகனின் நீளம் 42 அடி, மாதிரியில் 5.8 அங்குலம், பரிந்துரை எடை சுமார் 110 கிராம். கிட்டத்தட்ட நாலு மடங்கு கனமான ஒன்றை ரயிலின் கடைசியில் கோத்தால், முன்னால் இருக்கும் லேசான வேகன்கள் வளைவில் உள்பக்கமாக இழுபட்டுக் கவிழும். அதனால் அடி வரிசை மட்டும் பித்தளை, மற்றதெல்லாம் ஸ்டைரீன் குழாய். வண்ணம் பூசிய பிறகு எது எது என்று யாராலும் சொல்ல முடியாது.

குழாய்கள் இணையாக நிற்பதுதான் இதன் அழகு. இரு முனைத் தகடுகளையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஒட்டி, துளைகளைச் சேர்த்தே போட வேண்டும். தனித்தனியாகப் போட்டால் எவ்வளவு கவனமாக அளந்தாலும் ஒரு குழாயாவது சாய்ந்து நிற்கும், கண் நேராக அதில்தான் போய் விழும். குழாயின் முனை அசலில் சட்டென்று வெட்டியதுபோல் முடிவதில்லை, கழுத்தாக ஒடுங்கும். ஸ்டைரீன் குழாயை மின் டிரில்லில் மாட்டிச் சுழலவிட்டு உப்புத்தாளால் தேய்த்தால் அந்த ஒடுக்கம் கிடைக்கிறது. வால்வு அறைக்குள் மெல்லிய கம்பிகளை வளைத்து வைத்தேன். கதவைத் திறந்த நிலையில் காட்டினால் மட்டும் இந்த வேலைக்கு அர்த்தம் உண்டு. மூடிவைப்பதானால் விட்டுவிடலாம்.

இன்னொன்று, வண்ணத்தைக் குழாய்களைக் கோப்பதற்கு முன்பே பூசிவிட வேண்டும். கோத்த பிறகு ஏர்பிரஷ் உள்வரிசைகளை எட்டாது; எட்டவைக்கப் போனால் வெளிவரிசையில் வண்ணம் தடித்துவிடும்.

வண்ணம், எழுத்து, காலம்

பித்தளையைச் சோப்புநீரில் கழுவி, விரல் படாமல் உலரவைத்து, உலோகத்தைக் கவ்வும் பிரைமர் பூசினேன். அதன் மேல் வண்ணம், பிறகு பளபளப்புப் பூச்சு, அதன் மேல் டெக்கால் (நீரில் நனைத்து ஒட்டும் அச்செழுத்து), டெக்காலை இளக்கும் திரவம், கடைசியாக மங்கல் பூச்சு. இந்த வரிசை எல்லோருக்கும் தெரிந்ததுதான். அபூர்வ வேகன்களுக்குத் தயாரான டெக்கால் பெரும்பாலும் கிடைக்காது. சாதாரண வீட்டுப் பிரின்டர்கள் வெள்ளை எழுத்தை அச்சடிக்காது. பல தாள்களிலிருந்து எழுத்து எழுத்தாக வெட்டிச் சேர்க்க வேண்டியதுதான். ஒரு வார்த்தைக்குள் எழுத்தின் உயரமும் தடிமனும் ஒத்திருக்கிறதா என்று பூதக்கண்ணாடியில் பாருங்கள்.

காலத்தோடு ஒட்டாத சின்ன விஷயம் ஒன்று போதும், முழு வேலையும் வீணாகிவிடும். வண்ணப் பட்டைகள் கொண்ட தானியங்கி அடையாளத் தகடு 1967இல்தான் கட்டாயமானது, 1977இல் கைவிடப்பட்டது. சக்கரப் பரிசோதனைக்கான மஞ்சள், வெள்ளைப் புள்ளிகள் 1978இல் வந்தவை. இவை இரண்டும் 1950களின் வேகனில் வரக் கூடாது. பல டெக்கால் தாள்களில் இவை சும்மா சேர்ந்தே வரும், கை தானாக ஒட்டிவிடும். சக்கரத் தொகுதியில் அச்சின் முனையை மூடும் கீல் வைத்த சதுர மூடிகள் தெரிய வேண்டும். சுழலும் வட்ட முனை கொண்ட ரோலர் பேரிங் அந்தக் காலச் சரக்கு வேகன்களில் அரிது. பிரேக்கிலும் பார்க்க வேண்டும்: பழைய கே வகை பிரேக்கை 1953க்குப் பிறகு வேறு நிறுவனத் தடங்களுக்குப் போகும் வேகன்களில் அனுமதிக்கவில்லை. அதனால் இரண்டிலும் அதற்கு அடுத்து வந்த ஏ.பி. வகை.

பழமையூட்டுவதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி தாழ்தள வேகனின் தளம். அசலில் சுமையைத் தடுத்துநிறுத்த எஃகுக் கட்டைகளைத் தளத்தோடு பற்றவைப்பார்கள், இறக்கும்போது வெட்டியெடுப்பார்கள். அதனால் தளம் முழுக்கக் கருகிய தழும்புகளும் துரு ஏறிய சின்னச் சின்னச் சதுரங்களும் இருக்கும். சுமையை எடுத்ததும் தெரிவது இதுதான். காலி வேகன் தான் செய்த வேலைகளைச் சொல்லும் இடம் அது. மொட்டையாக ஒரே பழுப்பில் விட்டுவிட மனம் வராது.

ஓட்டிப் பார்த்ததில்

நேர்த்தடத்தில் முன்னோக்கி இழுத்து ஓட்டுவது சோதனையே அல்ல, எதுவும் ஓடும். உண்மையான சோதனை, ஒரு தடத்திலிருந்து பக்கத்துத் தடத்துக்கு மாறும் எஸ் வளைவில் பின்னோக்கித் தள்ளுவது. முன்னும் பின்னும் வேகன்களைக் கோத்து, 6ஆம் எண் பாயிண்டுகள் வழியாகத் தாழ்தள வேகனைத் தள்ளினேன், சுமையோடும் சுமையில்லாமலும். இரண்டிலும் தடத்தைவிட்டு இறங்கவில்லை. ஊஞ்சல் அமைப்பு இல்லாமல், தாங்குதகடு தட்டையாக இருந்த நிலையிலும் ஒப்பீட்டுக்காக ஓட்டினேன். சுமையில்லாமல் ஏற்றத்தின் தொடக்கத்தில் இரண்டாம் தொகுதி ஒவ்வொரு முறையும் தூக்கிக்கொண்டது. ஆக, எடை மட்டும் போதாது. அந்த எடை எட்டு அச்சுக்கும் பகிர்ந்து போக வேண்டும்.

உருளும் தன்மையில் தாழ்தள வேகன் கொஞ்சம் மந்தம். எட்டு அச்சு என்பதால் உராயும் இடங்களும் இரட்டிப்பு. 2 விழுக்காட்டுச் சரிவில் கையை எடுத்தால் தானாக உருளும், ஆனால் தயங்கித்தான் கிளம்பும். ஹீலியம் வேகனிடம் குறை ஒன்றும் இல்லை. சாதாரண வேகன்போல ஓடுகிறது.

24 அங்குலத்துக்குக் குறைவான வளைவில் இந்தத் தாழ்தள வேகனை நான் பரிந்துரைக்க மாட்டேன். 22 அங்குலத்தில் ஓடலாம், ஆனால் சக்கரம் உத்தரத்தை உரசும். 18 அங்குல லேஅவுட் என்றால் நான்கு அச்சு கொண்ட சிறிய தாழ்தள வேகனே தோது. அதன் சுழல்மைய இடைவெளியைக் குறைத்துக்கொண்டால் மேலே சொன்ன கணக்கு அப்படியே உதவும்.

இயக்கத்தில் இரண்டுக்கும் தனித்தனி விதி வைத்திருக்கிறேன். மின்மாற்றி ஏறிய வேகனுக்கு வேக வரம்பு உண்டு. வேகன்களை மேட்டிலிருந்து தானாக உருளவிட்டுப் பிரிக்கும் மேட்டுத் தடத்தில் அதை உருட்டிவிடக் கூடாது. கிளைத் தடத்தில் அது போகும்போது எதிர்த்திசை ரயில் நிலையத்தில் காத்திருக்க வேண்டும். ரயிலில் அதன் இடம் எஞ்சினுக்கு அருகில், இரண்டு சாதாரண வேகன்கள் தள்ளி. துணை மின்நிலையத்தில் இறக்கிய பிறகு, லேஅவுட்டை ஓட்டும் அடுத்த அமர்வில் காலியாகத் திரும்பும். அப்போது எந்தக் கட்டுப்பாடும் இல்லை, பொதுச் சரக்கு ரயிலிலேயே கோத்துவிடலாம். துணை மின்நிலையத்துக்குப் புதிய மின்மாற்றி அடிக்கடி வராது. ஆகவே இந்தப் பயணம் எப்போதாவதுதான் அட்டவணையில் வருகிறது. மற்ற நாட்களில் வேகன் லேஅவுட்டிலேயே இருக்காது. ஹீலியம் வேகன் அதைவிட அடிக்கடி வரும். மேற்கிலிருந்து நிறைவாக வந்து கிழக்கே போகும், இன்னொரு நாள் காலியாக எதிர்த்திசையில் கடக்கும். பார்வைக்கு வித்தியாசம் இல்லாததால், எது எந்தப் பயணம் என்பதைச் சரக்குச் சீட்டைப் பார்த்துத்தான் ஓட்டுநர் தெரிந்துகொள்ள வேண்டும்.